பதினாறாவது அணிக்குப் பொன்னாடை இல்லை

பிப்ரவரி 2, ஞாயிறு

கூடைப்பந்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். நான் நூலகர். கோவில்பட்டிக்கு வெளியே பைபாஸ் ஓரமாக இருக்கும் ஆறுமுகத்தம்மாள் கலை அறிவியல் கல்லூரியில் பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். உடற்கல்வி இயக்குநர் போன ஜூனில் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தென்காசியில் நடக்கும் செல்லையா நினைவுக் கோப்பைக்குப் பையன்களை யார் கூட்டிக்கொண்டு போவது என்று முதல்வர் கேட்டபோது ஆசிரியர்கள் எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன்.

"சும்மா போய்ட்டு வாங்க செந்தூர்பாண்டி. மொத்தம் பதினாறு டீமு, தரவரிசைல நம்ம பதினாறாவது. செவ்வாக்கெழம மொத ஆட்டமே மொத எடத்து டீமோட. புதன்கெழம காலைல நீங்க லைப்ரரில இருப்பீங்க" என்றார் முதல்வர்.

அந்த உத்தரவாதத்தை நம்பித்தான் சரி என்றேன். ஏனென்றால் வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். பெண் பார்க்கப் போகிறோம். பெண் பெயர் ஜெயக்கொடி, வயது முப்பத்தாறு, மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. எனக்கு வயது முப்பத்தொன்பது. எனக்கு இது பதினான்காவது வீடு. தை மாதத்தின் கடைசி வெள்ளி, மாலை நாலரைக்கு மேல் ஆறுக்குள் நேரம் குறித்திருக்கிறார்கள். தவறவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஒரு பேங்க் மாப்பிள்ளை வருகிறார். எனக்குத் தலையில் முடி குறைவு, சம்பளமும் குறைவு. பேங்க் மாப்பிள்ளைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால்தான் உண்டு என்று கோமதிநாயகம் மாமா சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 3, திங்கள்

தென்காசி. அணிகள் எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். தரவரிசைப்படி அறை. முதல் அணிக்குக் கணினி அறை, குளிர்சாதனம் உண்டு. எங்களுக்கு ஒன்றாம் வகுப்பு அ பிரிவு. சுவரில் அணில், ஆடு, இலை, ஈ. பெஞ்சு எங்கள் பையன்களின் முழங்காலுக்குக் கீழே நிற்கிறது.

அணியில் ஒன்பது பேர்தான். பத்தாவது ஆளுக்கு அரியர் பரீட்சை. கேப்டன் மகாராஜன், மூன்றாம் ஆண்டு வரலாறு, ஆறடி ஓர் அங்குலம். மற்றவர்கள் சாதாரண மனிதர்கள். நூலகத்திலிருந்து கூடைப்பந்து விதிகள் என்ற புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன். 1974ஆம் வருடப் பதிப்பு. அதைப் படித்துவிட்டு நான் சொன்ன மூன்று யோசனைகளையும் மகாராஜன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "ஸார், இதெல்லாம் மாத்திட்டாங்க ஸார்" என்றான்.

போட்டிக் குழுவின் செயலாளர் வெள்ளைத்துரை ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வந்தவுடன் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, விதியைச் சொன்னார்: கல்லூரி ஊழியர் ஒருவர் ஆட்டம் முழுக்க அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரணிக்கு வாக்ஓவர், ஆடாமலேயே வெற்றி. இன்னொன்று, ஒன்பது சான்றிதழை என் கையில் கொடுத்தார். 'முதல் சுற்றில் பங்கேற்றுத் தோல்வியுற்றமைக்காக' என்று அச்சடித்து, கையெழுத்தும் போட்டிருந்தது.

"இன்னும் ஆடவே இல்லையே" என்றேன்.

"நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் நீங்க பஸ்ஸுக்கு ஓடணும்லா ஸார். பதினாறாவது டீமுக்கு நாங்க எப்பவும் மொதல்லயே குடுத்துருவோம். ஒரு வசதிதான்" என்றார். நல்ல நிர்வாகம் என்று எனக்குத் தோன்றியது.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலேயே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனேன்.

முதல் தரவரிசை அணி சென்னையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி. பத்துப் பேரும் கதவு நிலைக்குக் குனிந்து வருகிறவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கென்றே ஒருவர் வந்திருந்தார். அவரும் மகாராஜனைவிட உயரம்.

இந்தக் கோப்பைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால், தரவரிசையில் மேலே இருக்கும் அணிக்கு மேடையில் வைத்து மரியாதை செய்வார்கள். கீழே இருக்கும் அணிக்கு ஒன்றும் கிடையாது. நான்கு மணி ஆட்டத்துக்கு மூன்று மணிக்கே சென்னைப் பையன்களை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நன்கொடை கொடுத்த பதினோரு பேரும் பத்து ஆட்டக்காரர்களுக்கும் தனித்தனியாகப் பொன்னாடை போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. போட்டோக்காரர் கண் மூடியவர்களைத் திரும்ப நிற்க வைத்தார். பாத்திரக்கடை அதிபர், உயரமாக இருப்பதால் வரும் நன்மைகள் பற்றிப் பேசினார். ரோஸ்மில்க் வந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்லிப் பார்த்தார். "பொன்னாடய வேண்டாம்னா பெரியவங்க மனசு சங்கடப்படும் ஸார்" என்று வெள்ளைத்துரை அவருக்கும் ஒன்றைப் போட்டுவிட்டார்.

எங்கள் பையன்களோடு படம் எடுத்துக்கொள்ள யாருமில்லை. அவர்கள் பாட்டுக்கு ரிங்குக்குக் கீழே ஓடினார்கள், பந்து போட்டார்கள், வேர்த்தார்கள்.

ஆட்டம் தொடங்கியபோது சென்னைப் பையன்களுக்குக் கால் மரத்திருந்தது. வயிற்றில் ரோஸ்மில்க் வேறு. முதல் பத்து நிமிடத்தில் 21க்கு 4. அதில் 21 எங்களுடையது. நான் பலகையைத் தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவர்கள் சுதாரித்துக்கொண்டு விரட்டினார்கள், ஆனால் நேரம் போதவில்லை. 58க்கு 55.

ஜெயித்துவிட்டோம். பையன்கள் என்னைத் தூக்க வந்தார்கள். வேண்டாம் என்றேன். சான்றிதழை என்ன செய்வது என்று வெள்ளைத்துரையிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நீங்களே வச்சிருங்க ஸார், எப்படியும் தேவப்படும்" என்றார்.

அம்மா போன் செய்தாள். "தோத்தாச்சாய்யா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நீ எதும் பண்ணலியே?" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய் எங்கள் அணி தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன். திரும்பும்போது பிராகாரத்தில் மகாராஜனைப் பார்த்தேன். அவன் எதற்குக் கும்பிட்டான் என்று நான் கேட்கவில்லை. இருவரும் ஒரே தட்டில் திருநீறு எடுத்தோம்.

கால் இறுதி. எதிரணி தென்காசியின் உள்ளூர்க் கல்லூரி, எட்டாவது தரவரிசை. எட்டுதான் பதினாறைவிட மேலே என்பதால் மரியாதை அவர்களுக்கு. உள்ளூர்ப் பிள்ளைகள் என்பதால் பதினோரு நன்கொடையாளர்களோடு சித்தப்பா, பெரியப்பா, டியூஷன் வாத்தியார் என்று ஊரே மேடையேறியது. ஒரு பையனுக்கு அவனுடைய ஆச்சி மோதிரம் போட்டாள். அது கழலவில்லை. மோதிரத்தோடு ஆடக்கூடாது என்று நடுவர் சொல்லிவிட, சோப்பு வாங்க ஆள் போனது. மேடை நேரம் எழுபத்திரண்டு நிமிடம். சும்மா குறித்து வைத்தேன்.

63க்கு 60. மறுபடியும் நாங்கள்.

கடைசி நிமிடத்தில் நான் நாற்காலி மேல் ஏறி நின்றதாகப் பையன்கள் சொல்கிறார்கள். கடிகாரம் சரியாகத் தெரியவில்லை என்பதால் ஏறினேன்.

அரையிறுதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஆட்டம் இல்லை. மாமா காலையில் போனில் பிடித்துக்கொண்டார். "மருமவனே, கபடின்னா கூட ஒரு இது. பந்துக்காவ பொண்ண விட்டான்னு ஊர்ல சொல்லுவாங்க. ஞாயித்துக்கெழம பேங்க்காரன் வந்து உக்காந்துட்டா நம்மள யாரு திரும்பிப் பாப்பா? வந்து சேரு" என்றார்.

அவர் சொல்வது சரி. பதினான்காவது வீட்டையும் விட்டுவிட்டுப் பதினைந்தாவதைத் தேட எனக்குத் தெம்பு இல்லை. அதை எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். மதியம் பையன்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நான் போனால் வாக்ஓவர் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"போய்ட்டு வாங்க ஸார். எங்களுக்கு அடுத்த வருசம் இருக்கு" என்றான் மகாராஜன். அவன் மூன்றாம் ஆண்டு. அவனுக்கு அடுத்த வருடம் கிடையாது. அப்புறம் என் பையைத் திறந்து சட்டைகளைப் பார்த்துவிட்டு, கோடு போட்டது வேண்டாம், நீலம்தான் எடுப்பாக இருக்கும் என்று ஒன்பது பேரும் முடிவெடுத்தார்கள். ஒருவன் ஓடிப் போய் அதை இஸ்திரி போட்டு வந்தான்.

சாயங்காலம் வெள்ளைத்துரை வந்தார். "ஸார், ஊரு பூரா ஒங்க பயலுவ பேச்சுதான். நாளைக்கு வழக்கத்த மாத்திட்டோம். ரெண்டு டீமுக்கும் மரியாத. ஒங்களுக்குத் தனியா தொண்ணூத்தொம்பது பொன்னாட எடுத்தாச்சு" என்றார். பதினோரு பேர், ஒன்பது ஆட்டக்காரர்கள். கணக்கு சரிதான். எங்கள் பையன்கள் எதனால் ஜெயித்தார்கள் என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். சென்னைப் பையன்கள் மேடையில் நின்ற 54 நிமிடமும் உள்ளூர்ப் பையன்கள் நின்ற 72 நிமிடமும் என் குறிப்பில் இருக்கின்றன. அவர்களையும் மேடையேற்றினால் கதை முடிந்தது.

எனக்கென்ன, நான்தான் நாளைக்கு இருக்கப்போவதில்லையே.

பிப்ரவரி 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு நீலச் சட்டையோடு பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். பையன்கள் ஒன்பது பேரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பஸ் கிளம்பும்போது மகாராஜன் ஜன்னலுக்குக் கீழே வந்து, "ஸார், பொண்ணுகிட்ட நாங்க செமி வரைக்கும் வந்தோம்னு சொல்லுங்க ஸார், ஒங்களுக்கு ஒரு கெத்தா இருக்கும்" என்றான். கிண்டலே இல்லை, மனசாரத்தான் சொன்னான்.

சங்கரன்கோவில் விலக்கு வரைகூடப் போகவில்லை. இறங்கிவிட்டேன். கண்டக்டர் டிக்கெட்டைத் திரும்பக் கேட்பார் என்று பயந்தேன், அவர் கேட்கவில்லை. வெயிலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, என்னால வர முடியாது. அவங்கள இங்க வரச் சொல்லேன்."

"எங்கய்யா?"

"தென்காசிக்கு. கிரவுண்டுக்கு. கேலரில உக்காந்து என்னப் பாத்துட்டுப் போகட்டும்."

அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி மாமா பேசினார். அதை எழுத முடியாது.

அரைமணி நேரம் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். அவள் குரலே மாறியிருந்தது. "வாராங்களாம்யா. அந்தப் பிள்ளதான் சொல்லுச்சாம். ஒம்போது பேர வீட்டுக்குள்ள உக்கார வச்சுப் பாத்தாச்சு, இவர வெளியில வச்சே பாத்துருவோம்னு சொல்லிட்டுச்சாம்" என்றாள். அவளுக்கும் ஒன்பது ஆகியிருக்கிறது என்று மாமா என்னிடம் சொல்லவே இல்லை.

நான்கு மணிக்கு மேடையில் பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. எதிரணி மதுரைக் கல்லூரி, நான்காவது தரவரிசை. எங்கள் பையன்களைக் கூப்பிட வெள்ளைத்துரை மைக்கை எடுத்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"எங்க காலேஜ்ல ஒரு வழக்கம் இருக்கு ஸார். மரியாதைய லைப்ரரியன்தான் வாங்கணும்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

"தொண்ணூத்தொம்பதுமா?"

"வழக்கம்னா வழக்கம்தானே ஸார்."

வழக்கம் என்று சொல்லிவிட்டால் வெள்ளைத்துரை அடங்கிவிடுவார். நான் மேடையேறினேன். கீழே பையன்கள் ஓடத் தொடங்கினார்கள். பதினோரு பேரும் ஆளுக்கு ஒன்பது போட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. முப்பதுக்கு மேல் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நாற்பதில் மூக்கு வரை வந்தது, போட்டோக்காரர் வந்து கண்ணை மட்டும் விலக்கிவிட்டார். அந்த இடைவெளி வழியாகத்தான் கேலரியில் அம்மாவையும், மாமாவையும், பழத்தட்டையும், அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு குடும்பத்தையும் பார்த்தேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் நெற்றிக்கு மேல் கையை வைத்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழத்தட்டைப் பார்த்த வெள்ளைத்துரை, கோவில்பட்டியிலிருந்து ஒரு புரவலர் வந்திருப்பதாக மைக்கில் அறிவித்துவிட்டார். மாமா மேடைக்கு வந்தே ஆக வேண்டியதாயிற்று. நூறாவது பொன்னாடையை அவர்தான் எனக்குப் போட்டார். போடும்போது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இதுக்கு மேல ஒனக்குப் பொண்ணு பாக்க எனக்குச் சத்தியில்ல மருமவனே" என்றார். போட்டோவில் இருவரும் சிரிக்கிறோம்.

மதுரைப் பயிற்சியாளர் விவரமானவர். மேடைக்கு மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேரை மட்டும் அனுப்பிவிட்டு, ஆடப்போகிற ஐந்து பேரை ஓட விட்டிருந்தார். ஆகவே இந்தக் கோப்பையில் முதல் முறையாக இரண்டு பக்கமும் கால் மரத்துப்போகாத ஆட்டம் இதுதான். 71க்கு 69. தோற்றுவிட்டோம். கடைசி நொடியில் மகாராஜன் போட்ட பந்து ரிங்கைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது.

இரண்டே புள்ளி. யாருக்கும் பொன்னாடை தடையாக இல்லாமலேயே இரண்டே புள்ளிதான் வித்தியாசம். என் பையன்கள் நல்ல ஆட்டக்காரர்கள். மூன்று நாளாக ரோஸ்மில்க் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தேன். மைதானத்தில் தூசி.

"தூசி அந்தப் பக்கம் அடிக்கிது. இங்க வரல" என்று ஒரு குரல் கேட்டது. பச்சைப் புடவை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தனையும் நீங்களே ஏன் வாங்குனீங்க?"

சொன்னேன். நிமிடக் கணக்கையும் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"பஸ்ல ஏறிட்டு எறங்கிட்டீங்களாமே. எங்க வீட்டுக்கு வர அவ்ளோ கஷ்டமா?"

"அப்பிடி இல்லங்க. இவங்கள விட்டுட்டு வந்து ஒங்க முன்னால உக்காந்தா, எதக் கேட்டாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். அதான்."

அவள் பையன்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகாராஜன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தான்.

"நாளைக்கு மூணாவது எடத்துக்கு ஒரு ஆட்டம் உண்டாமே. எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு. ஆனா ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு..."

"நான் நாளைக்கு எத்தன மணிக்குன்னுதான் கேட்டேன். அதான் சொல்லிட்டீங்களே" என்று எழுந்து போனாள். இப்படி ஒரு பெண் என்னிடம் பேசியதில்லை. சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

மூன்றாவது இடம் எங்களுக்கு. 66க்கு 59. இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

எதிரணி இரண்டாவது தரவரிசை. இன்றைக்கும் இரண்டு அணிக்கும் மரியாதை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைத்துரை நேற்றைய பொன்னாடைகளையே துவைக்காமல் மடித்து அடுக்கியிருந்தார். மதுரைக்காரர் செய்த தந்திரம் ஊருக்கே தெரிந்துவிட்டதால், ஆடுகிறவர்கள் கட்டாயம் மேடைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் சார்பில் ஒருவர் நின்று அத்தனையும் வாங்க வேண்டும் என்று புது விதி போட்டிருந்தார். நான் மேடைக்கு நடந்தேன். பாதி வழியில் மகாராஜன் சட்டையைப் பிடித்தான். அவனுக்குக் கணுக்காலில் சுளுக்கு, கட்டுப் போட ஆள் வேண்டும், நான் இருந்தால் நன்றாக இருக்கும் என்றான். வெள்ளைத்துரை மைக்கில் மூன்றாவது முறையாகக் கல்லூரிப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடையையும் கணுக்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேலரியிலிருந்து ஜெயக்கொடி இறங்கி வந்தாள். அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே குடைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தாண்டி நேராக மேடைக்கு ஏறிப் போய், பாத்திரக்கடை அதிபருக்கு முன்னால் கழுத்தைக் குனிந்து நின்றாள்.

"யாரும்மா நீங்க? மரியாத டீமு ஆளுங்களுக்குத்தான்" என்றார் வெள்ளைத்துரை. மைக் அவர் கையில் அணையாமல் இருந்தது.

"நான் அந்த லைப்ரரியன் வீட்டு ஆளு. போடுங்க, வெயில் ஏறுது" என்றாள்.

அது மைதானம் முழுக்கக் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த எட்டுப் பையன்களும் நின்று என்னையே பார்த்தார்கள்.

"நிக்காதீங்கலே, ஓடுங்க" என்று கத்திவிட்டு, மகாராஜனின் காலுக்குக் கட்டுப் போட உட்கார்ந்தேன். மேடையையே பார்த்துக்கொண்டு கட்டியதால் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.